நேற்றுப் பேசியவர் நம்மிடம் என்ன கேட்டார்?

தேர்தல் காலத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்து ஒட்டுக்கடைகளில் காலைப் பசியாற உட்கார்ந்தால் இரண்டு வகைப் பேச்சு காதில் விழும். "நேத்து ராத்திரி செராமாவுக்குப் போனேன், அவரு பேசப் பேசக் கண்ணு கலங்கிருச்சு" என்பார் ஒருவர். எதிரே தே தாரேக்கை ஆற்றிக் கொண்டிருப்பவர், "எல்லாம் ஓட்டுக்குத்தான். ஓட்டுப் போட்டு முடிஞ்சா ஆளையே பாக்க முடியாது" என்பார். முதலாமவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு வேட்பாளரின் பேச்சைக் கேட்டு மனம் கரைவது படிக்காதவர்களின் பலவீனம் என்று சிலர் நினைக்கிறார்கள். பேராக் மாநிலத் தமிழர்களின் எழுபது ஆண்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. நம்முடைய பாட்டன், தாத்தாமார் பேச்சைக் கேட்டுக் கரைந்து போய்ச் செய்த சில காரியங்கள் இன்றும் நிலமாகவும் கட்டடமாகவும் நிற்கின்றன. வேறு சில பேச்சுகள் கைதட்டலோடு காற்றில் போய்விட்டன. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், மனம் ஏன் கரைகிறது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பெயர் கூப்பிடக் கேட்ட வாழ்க்கை அது. மண்டோர் பேசுவார், கிராணி பேசுவார், துரை எப்போதாவது பேசுவார். எல்லாம் மேலிருந்து கீழே வருகிற பேச்சு. தொழிலாளியைப் பார்த்து "உங்கள் கருத்து என்ன?" என்று யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்று, ஒலிபெருக்கியில், "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பிறகு அவர் மங்கு, காண்டா வாளி, லயத்து வீடு, மழை நாளில் வேலை இல்லாமல் போகும் கூலி என்று நம் வீட்டுச் சொற்களை மைக்கில் சொல்கிறார். நம் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய சொல் ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒலிக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்யும்.

அதோடு காலமும் சேர்ந்துகொண்டது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலே எல்பில் தோட்டத்திலும் அதன் அருகிலும் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிரகடனமானது. தொழிற்சங்கங்கள் முடக்கப்பட்டன, கூட்டம் கூடுவதே சந்தேகத்துக்குரிய செயலாகிப் போனது. அந்த அவசரகாலம் முடிவதற்கு முன்பே, 1955 ஜூலை 27-இல், மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. ஏழு ஆண்டுகள் வாயை மூடியிருந்த மக்களுக்குத் திறந்த வெளியில் ஒருவர் நின்று அரசியல் பேசுவதே அதிசயம். அந்தத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் மலாய்க்காரர்கள். குடியுரிமை இல்லாததால் தோட்டத் தமிழர்களில் மிகப் பலருக்கு ஓட்டே கிடையாது. அதாவது, பேச்சைக் கேட்டு நெகிழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேச்சாளருக்கு ஓட்டுப் போட முடியாதவர்கள். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

காது வளையம் முதல் பத்து வெள்ளி வரை

நம்மவர்கள் பேச்சுக்கு மயங்கியது 1955-இல் தொடங்கிய பழக்கமில்லை. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கோலாலம்பூருக்கு வந்து பேசியபோது, பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். ஈப்போவில் இருந்து அதே படைக்குப் போன இளம்பெண்களில் ஒருவர் ராசம்மா. திருமணத்துக்குப் பின் ராசம்மா பூபாலன் என்ற பெயரில், ஆசிரியைகளுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று போராடியவர். போஸ் ஓட்டுக் கேட்கவில்லை. அவர் கேட்டது பணமும் ஆளும் உயிரும். அந்தப் போரின் அரசியலைப் பற்றி இன்று பல கருத்துகள் இருக்கலாம். ஆனால், ஒரு பேச்சு கேட்பவரிடம் எவ்வளவு பெரிய கோரிக்கையை வைக்கிறதோ, அவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு அது சாட்சி.

அதே விதியைத் தோட்டத்தில் மிக நன்றாகப் புரிந்து வைத்திருந்தவர் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். 1955-இல் வட கிந்தா தொகுதியிலும், 1959 முதல் சுங்கை சிப்புட்டிலும் நின்று வென்றவர். அதே 1955-இல் ம.இ.கா. தலைவரானவர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி விற்றார்கள். துண்டாகிப்போன தோட்டத்தில் இருந்து வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் இந்தத் துண்டாடலைப் பற்றி ஆய்வே நடத்த வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமானது.

இந்த நேரத்தில் ஓர் அமைச்சர் தோட்டத்துக்கு வந்து என்ன சொல்லலாம்? "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், "பத்து வெள்ளி கொடுங்கள்" என்று கேட்டார். பால் வெட்டுகிறவருக்கு அன்று பத்து வெள்ளி என்றால் சில நாள் கூலி. அப்படிப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தொழிலாளர்களே பங்குதாரர்களாகி, விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்கிவிடலாம் என்பது திட்டம். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதன் கைக்கு வந்தது. பிறகு மற்றத் தோட்டங்கள் வந்தன. கோலாலம்பூரில் நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் அந்தச் சங்கத்தின் கட்டடம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்து வெள்ளி கொடுத்த பெண்ணுக்கு அந்தப் பேச்சு மறுநாள் காலையில் மறந்துவிடவில்லை. கொடுத்ததற்கு ரசீது இருந்தது. தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தார்கள். ஆண்டுதோறும் சங்கம் என்ன செய்கிறது, இலாப ஈவு வருகிறதா என்று கேட்டார்கள். நெகிழ்ச்சி கணக்காக மாறியது. சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றிக் குறை சொல்பவர்களும் உண்டு, அந்தக் கேள்விகள் நியாயமானவையே. ஆனால், கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு எப்படி வந்தது? ஒரு பேச்சைக் கேட்டு அன்று கொடுத்த பத்து வெள்ளியால் வந்தது.

"வெளியே வந்து சொல்ல முடியுமா?"

சம்பந்தன் கேட்பவர்களிடம் ஒன்றைக் கேட்டார். ஈப்போவில் இன்னொரு தமிழர், தன்னிடம் இருந்ததைப் பணயம் வைத்துப் பேசினார். அவர் டி.ஆர். சீனிவாசகம்.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்த வழக்கறிஞர். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞர். 1953-இல் இவர்கள் தொடங்கிய பேராக் முற்போக்குக் கட்சி, பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. அதைத்தான் நாம் பி.பி.பி. என்கிறோம். 1957-இல் ஈப்போ-மெங்லெம்பு இடைத்தேர்தலில் வென்று டி.ஆர். நாடாளுமன்றம் போனார். 1959-இலும் 1964-இலும் ஈப்போ அவரையே அனுப்பியது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மையோர் சீனர்கள் என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். இந்தியர் தொகுதி, சீனர் தொகுதி என்று கணக்குப் போட்டே பழகிவிட்ட நமக்கு அது விசித்திரமாகத்தான் இருக்கும். ஏழைகளின் வழக்கறிஞர் என்ற பெயர், பேச்சுக்கு முன்னாலேயே அவர் சம்பாதித்து வைத்திருந்த முதல்.

அவருடைய பேச்சுகளில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கியது தேர்தல் மேடையில் பேசியதல்ல. அன்றைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் அவர் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். இங்கே ஒரு சட்ட விளக்கம் தேவை. நாடாளுமன்ற அவைக்குள் ஓர் உறுப்பினர் பேசுவதற்காக அவர் மீது அவதூறு வழக்குப் போட முடியாது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அவைக்கு வெளியே அதே சொற்களைச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. குற்றச்சாட்டை நிரூபிக்க முடியாவிட்டால் வீட்டை விற்று நஷ்டஈடு கட்ட வேண்டியிருக்கும். "வெளியே வந்து சொல்ல முடியுமா?" என்று அமைச்சர் சவால் விட்டார். டி.ஆர். வெளியே வந்து, பொதுமக்கள் முன்னால், சொன்னதைத் திரும்பச் சொன்னார்.

வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தில் அமைச்சர் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். அமைச்சர் பதவியை விட்டு விலகினார். இந்த நாட்டின் சட்டப் புத்தகங்களில் 1965-ஆம் ஆண்டு வழக்காக அது இன்றும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. 1969 மார்ச் 15-இல் டி.ஆர். காலமானபோது ஈப்போவில் இனம் பார்க்காமல் மக்கள் திரண்டார்கள். முன்பு கொரோனேஷன் பூங்கா என்றிருந்த இடம் அவர் பெயரைத் தாங்கியது. தன் சொல்லுக்குத் தானே பிணை நின்ற ஒருவருக்கு மக்கள் செலுத்திய மரியாதை அது. இரண்டே மாதத்தில் மே 10 பொதுத் தேர்தல் வந்தது. பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் கூட்டணிக்கு 19 மட்டுமே கிடைத்தது, பி.பி.பி. 12 இடங்களைப் பிடித்தது. டி.ஆர். உயிரோடு இல்லாத தேர்தலில் கிடைத்த வெற்றி!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மே 13 கலவரமும் அதன் பின்விளைவுகளும் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டன. 1972-இல் பி.பி.பி. பேராக்கில் கூட்டணியோடு சேர்ந்தது. நாட்டு நிலையைக் கருதி எடுத்த முடிவு என்று அதற்கு நியாயம் சொன்னார்கள், அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். எதிர்த்துப் பேசிய வாயைக் கேட்டுப் பழகிய ஈப்போ மக்கள் அதை ஏற்கவில்லை. 1974-இல் மெங்லெம்புவில் எஸ்.பி. தோற்றார். ஒரு பேச்சால் வந்த நம்பிக்கை, பேசியவர் இடம் மாறி நின்றதும் அவரோடு கூட மாறிப் போகவில்லை. இதில் இருந்து அரசியல்வாதிகள் பாடம் கற்றார்களா என்பது வேறு விஷயம்.

திடலில் இருந்து மண்டபத்துக்கு

செராமா என்கிறோமே, அது ஏன் பெரும்பாலும் மண்டபத்திலும் யாராவது ஒருவரின் வீட்டு வாசலிலும் நடக்கிறது? 1978 பொதுத் தேர்தலின்போது திறந்தவெளிப் பிரச்சாரக் கூட்டங்களுக்குத் தடை வந்தது. கம்யூனிஸ்டு மிரட்டல் காரணமாகச் சொல்லப்பட்டது. தடை நீண்டது. கட்சிகள் 'சொற்பொழிவு' என்ற பொருள் தரும் செராமாவுக்கு மாறின. பெரிய திடலில் ஆயிரக்கணக்கானோருக்கு முன் கர்ஜிக்கும் பேச்சு போய், இருநூறு நாற்காலிக்கு முன் முகம் பார்த்துப் பேசும் பேச்சு வந்தது. கேட்பவர் கண்ணைப் பேச்சாளர் பார்க்க முடியும். நமக்கு அது ஒருவகையில் நெருக்கத்தைக் கொடுத்தது. ஜ.செ.க.வின் பி. பட்டு போன்றவர்கள் அந்த மேடைகளில்தான் பெயர் பெற்றார்கள். 1987-இல் லாலாங் நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டவர்களில் பட்டுவும் ஒருவர். பேச்சுக்கு ஒரு விலை இருந்த காலம் அது, அதைக் கேட்கப் போனவர்களுக்கும் தெரிந்திருந்தது.

செராமாவுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடலாம். எட்டரை மணி என்று போட்டிருந்தாலும் வேட்பாளர் பத்து மணிக்குத்தான் வருவார். அதற்குள் மூன்று நான்கு பேர் பேசிக் கூட்டத்தைச் சூடேற்றி வைப்பார்கள். வேட்பாளர் ஒரே இரவில் மூன்று, நான்கு இடங்களில் அதே பேச்சைப் பேசுகிறார். ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்தி, ஒரே கதையைச் சொல்கிறார். இது மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். கோயில் உபன்யாசம் செய்பவரும் அதே கதையைத்தான் பல ஊரில் சொல்கிறார். சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் திருக்குறளில் தனித்தனி அதிகாரமே இருக்கிறது, அதனால் பேச்சுக்கலையை நாம் இழிவாக நினைக்கத் தேவையில்லை. ஆனால் நம் கண்ணீர் எந்த இடத்தில் வரும் என்று பேச்சாளருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சுங்கை சிப்புட், 2008

பேச்சாற்றலைப் பற்றி நாம் நினைத்திருப்பதையெல்லாம் குழப்பிவிட்ட தேர்தல் ஒன்று உண்டென்றால் அது 2008 மார்ச் 8-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் நடந்ததுதான்.

ஒரு பக்கம் துன் ச. சாமிவேலு. 1974 முதல் எட்டுத் தவணை அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், நாடக மேடை ஏறியவர். தமிழில் மேடையைக் கட்டிப் போட அவருக்கு நிகரானவர்கள் அன்று இந்நாட்டில் மிகக் குறைவு. அவரைப் பிடிக்காதவர்களும் அவர் பேச்சைக் கேட்கப் போவார்கள். மறு பக்கம் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ். அரசாங்க மருத்துவராக இருந்தவர், மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். அந்தக் கட்சிக்கு அப்போது பதிவு கிடைக்காததால் பி.கே.ஆர். சின்னத்தில் நின்றார். 1999-இலும் 2004-இலும் அதே தொகுதியில் அதே சாமிவேலுவிடம் தோற்றவர். உரத்துப் பேசாதவர். மேடை அலங்காரம் எதுவும் இல்லாமல், நோயாளிக்கு விளக்கம் சொல்வதைப் போலத்தான் பேசுவார்.

முடிவு: ஜெயக்குமார் 16,458, சாமிவேலு 14,637. வித்தியாசம் 1,821 ஓட்டு.

2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணியின் அலை இல்லாமல் இது நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் அந்த அலை பல தொகுதிகளில் புதுமுகங்களைக் கரை சேர்த்தது. சுங்கை சிப்புட்டில் கரை சேர்ந்தவர், அலைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தன் மனைவியோடும் நண்பர்களோடும் 'அலைகள்' அமைப்பின் மூலம் தோட்டப் பிள்ளைகளுக்கு டியூஷன், வீடிழந்த குடும்பங்களுக்கு வழக்கு, மாதச் சம்பளக் கோரிக்கை என்று அலைந்தவர். அவர் பேச்சில் இல்லாத உணர்ச்சியைக் கேட்டவர்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள். 'இவர் நம்ம லயத்துக்கு வந்தவர்' என்ற நினைவு பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சு சாதாரணமாக இருந்தாலும் போதும்.

அந்தத் தேர்தலில் நானும் செராமாக்களுக்குப் போனேன். வேறொரு தொகுதியில், வேறொரு வேட்பாளரின் பேச்சு, பெயர் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளையாகத் தான் வளர்ந்த கதையை அவர் சொன்னார். பால் வெட்டப் போன அம்மா, இருட்டில் பாம்பு, நெற்றியில் கட்டிய விளக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவரும் கண்ணைத் துடைத்தார். என் அம்மாவும் கூட வந்திருந்தார், முப்பது வருடம் பால் வெட்டியவர். வீட்டுக்குத் திரும்பும்போது, "எப்படிம்மா?" என்று கேட்டேன். "நல்லாதான் பேசுனாரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நம்மகிட்ட ஒன்னுமே கேக்கலையே" என்றார்.

அன்று எனக்கு அது புரியவில்லை. ஓட்டுக் கேட்டாரே என்றேன். "அது எல்லாரும் கேக்கறதுதானே" என்று முடித்துக்கொண்டார். பத்து வெள்ளி கட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஒரு தலைவர் வந்தால் நம்மையும் ஒரு வேலைக்கு ஆளாக்குவார் என்று எதிர்பார்த்தே பழகியவர். நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிற பேச்சுக்கும், நம்மைக் கூட்டாளியாக நினைக்கிற பேச்சுக்கும் அவருக்கு வேறுபாடு தெரிந்தது.

பேராக்கில் 2008-இல் மொத்தம் 59 சட்டமன்றத் தொகுதிகளில் 31-ஐ வென்று அன்றைய எதிர்க்கட்சிகள் ஆட்சி அமைத்தன. ஓராண்டு கூட ஆகவில்லை. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் கட்சியை விட்டு வெளியேற, அரசாங்கம் கவிழ்ந்தது. மேடையில் அவர்கள் பேசியதைக் கேட்டு ஓட்டுப் போட்டவர்களுக்கு என்ன உரிமை இருந்தது? அன்றைய சட்டப்படி, எதுவும் இல்லை. 2020-இல் கூட்டரசிலும் பேராக்கிலும் மீண்டும் இதே போல் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் உள்ள அரசியலமைப்பின் 49ஏ பிரிவுப்படி, கட்சி மாறும் நாடாளுமன்ற உறுப்பினர் தன் இடத்தை இழப்பார். ஓட்டை இல்லாத சட்டம் என்று சொல்ல முடியாது. கட்சியே அவரை நீக்கினால் பதவி போகாது. ஒரு கட்சி முழுவதுமாகக் கூட்டணி மாறினாலும் அது தாவலாகாது. மேடையில் தந்த வாக்குறுதியை நிறைவேற்றாததற்கு எந்தச் சட்டமும் தண்டிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013-இல் மீண்டும் வென்ற ஜெயக்குமார், 2018-இல் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றபோது வைப்புத் தொகையையே இழந்தார். பத்து ஆண்டு உழைத்த மனிதரை, ஆட்சி மாற வேண்டும் என்ற நாடு தழுவிய உணர்ச்சி ஒரே நாளில் ஒதுக்கித் தள்ளியது. அப்போது வென்றவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நெகிழ்ச்சி எப்போதும் சரியான ஆளைத்தான் போய்ச் சேரும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தோட்டமும் இல்லை, திடலும் இல்லை

இப்போது கேட்பவர்களும் மாறிவிட்டார்கள். தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. ஒரே பெரட்டில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று புந்தோங், குனோங் ராப்பாட், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் என்று சிதறிக் கிடக்கிறார்கள், பாதிப் பேர் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிங்கப்பூரிலும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே ஓட்டு, பதிவும் தானாகவே நடக்கிறது. அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரியை மாற்றாமல் வைத்திருப்பவருக்கு ஓட்டும் அங்கேயே இருக்கும். தான் குடியிருக்கும் இடத்து வேட்பாளர் பேச்சைக் கேட்டுக் கரைந்து போய், ஓட்டை வேறு எங்கோ போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

பேச்சும் நாற்பது விநாடித் துண்டாகக் கைப்பேசிக்கு வருகிறது. பின்னணியில் சோக இசை. டிக்டாக்கில் அது ஓடும்போது முன்னால் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார் என்று தெரியாது. முன்பு செராமாவில் கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர், "இதையேதான் போன தேர்தல்லயும் சொன்னாரு" என்று காதில் கிசுகிசுப்பார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியில் இல்லை. நான் பார்த்தவரை, இன்றைய இளைஞர்கள் நம்மைவிட அதிகமாக நெகிழ்வதும் இல்லை, குறைவாக நெகிழ்வதும் இல்லை. தனியாக நெகிழ்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஒரு பேச்சு மனத்தைத் தொட்டால், அடுத்த நாள் காலை பசியாறும்போது மூன்று கேள்விகளைப் பேசிப் பார்க்கலாம். அவர் சொன்னதில் தன்னுடையது எதையாவது பணயம் வைத்தாரா? தன் கட்சித் தலைமைக்குப் பிடிக்காத ஒரு சொல்லாவது அதில் இருந்ததா? ஓட்டைத் தவிர நம்மிடம் வேறு ஏதாவது கேட்டாரா: பள்ளி வாரியத்துக்கு ஆள், தோட்ட வீட்டு வழக்குக்குச் சாட்சி, வட்டாரக் குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம், இப்படி ஏதாவது? சாப்பாட்டுப் பொட்டலமும் கவரும் கொடுப்பதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். ஓட்டுக்காக விருந்து வைப்பதும் பணம் கொடுப்பதும் 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின் 8, 10-ஆம் பிரிவுகளின்படி குற்றம். பணத்துக்காக ஓட்டுப் போட ஒப்புக்கொண்டு வாங்கினால் வாங்கியவரும் அதில் மாட்டுவார்.

செராமா முடிந்ததும் வேட்பாளர் காருக்குப் போகும் வழியில் கை கொடுக்க நிற்பார், ஐந்து நிமிடம் கிடைக்கும். செல்ஃபி எடுத்துக்கொண்ட பிறகும் ஒரு நிமிடம் மிஞ்சும். சேவை மையம் எங்கே, எந்தக் கிழமை நீங்களே நேரில் உட்காருவீர்கள், எங்கள் தாமானில் இருந்து யார் வந்து உதவ வேண்டும் என்று கேட்டுவிடலாம். பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.